கையால் ஓட்டும் கார்

தம்பிமாருக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். மன்னிக்க வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் குழப்பம்தான். பேனாவையும் ஸ்டீயரிங் மாதிரி இறுக்கிப் பிடிக்கிறேன். தாளுக்குப் பின்பக்கம் தடவிப் பார்த்தால் முன்பக்கம் எழுதியது தட்டுப்படும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கார் ஏற்றும் லாரி யார்டில் புதிதாகச் சேர்ந்த உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எழுந்து நின்றதும் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "பாத்து ஓட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். தப்பில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். முதுகுத்தண்டு தேய்ந்து வண்டியை விட்டு இறங்கியவனுக்கு எழுத நேரம் இருக்கிறது.

கார் ஏறுகிற ரேம்ப் பலகையை எப்படி இறக்குவது, சக்கரத்துக்குப் பெல்ட் எப்படிக் கட்டுவது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் ஏற்றும் லாரிக்காரனை யாரும் பாராட்ட மாட்டார்கள். கார் நல்லபடியாக வந்து சேர்ந்தால் ஒரு பேச்சும் இருக்காது. சேராவிட்டால்தான் போன் வரும். அதை எதிர்பார்த்துக்கொண்டே வேலை செய்தால் களைப்பு கொஞ்சம் குறையும்.

காரை ஏற்றும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். சாமான் வைக்கக் கூடாது என்று ஆபீஸில் சொல்லித்தான் அனுப்புவார்கள். யார் கேட்கிறார்கள்? கடையநல்லூரில் ஒரு அம்மா, டில்லிப் பக்கம் வேலையில் இருந்த மகனுக்குக் கார் அனுப்பினார்கள். பின்சீட்டுக்கு அடியில் ஒரு தூக்குவாளி முறுக்கு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தபோது அதில் ஒரு முறுக்கு கூட முழுசாக இல்லை. அந்தப் பையன் என் முன்னாலேயே ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "ருசி மாறல அண்ணாச்சி" என்றான். நல்ல பையன். எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். முறுக்கு உடைந்தால் அள்ளித் தின்னலாம். உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாத சாமானும் காருக்குள் வரும். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

புனேயில் ஏற்றிய கார் அது. சின்ன வெள்ளைக் கார், கியர் போட வேண்டாத வகை. அதை யார்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு பெண். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். காரை நிறுத்தி, பக்கத்து சீட்டிலிருந்து இரண்டு ஊன்றுகோலை எடுத்து, காலில் மாட்டியிருந்த இரும்புப் பட்டையை க்ளிக் என்று பூட்டிக்கொண்டு எழுந்து நின்றார். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போனவர். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

வாசுதேவநல்லூர் என்றேன். அவருக்கு ஆய்க்குடி. பேங்கில் வேலை. பல வருஷம் வெளியூரிலேயே இருந்துவிட்டு இப்போதுதான் தென்காசிக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும் என்றார். அவர் ரயிலில் போகிறார், கார் எங்களோடு வருகிறது. நான் "சரிங்க மேடம்" என்றேன். மேடம் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கடைசிவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

காருக்குள் குனிந்து ஒன்றைக் காட்டினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு இரும்புத் தடி, நுனியில் ரப்பர் பிடி. அதைத் தன் பக்கம் இழுத்தால் கார் ஓடும், முன்னால் தள்ளினால் பிரேக். காலுக்கு வேலையே இல்லை. உங்களுக்குக் கால் இருக்கு, நீங்கள் காலாலேயே ஓட்டுங்கள், ஆனால் இதை மட்டும் தொடாதீர்கள் என்றார். நானே காரை லாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். இறங்கி வந்து கூட்டாளியிடமும் சொன்னேன்.

கூட்டாளி என்றால் மாற்று டிரைவர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஒல்லியான உடம்பு, வேலையில் சூரன். தடியைக் காட்டி, ஏலே, இதைத் தொட்டுராத என்றேன். சரி அண்ணாச்சி என்றான். அவன் மறக்கவும் இல்லை.

ஓசூரில், மேல்தட்டில் வெள்ளைக் காருக்கு முன்னால் நின்ற கார் ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. அதற்காக வெள்ளைக் காரை இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டும். நான் கீழே பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே அவன் போனான். உங்களுக்குத் தெரியும், மேல்தட்டில் இரண்டு பக்கமும் தூண். கதவு ஒரு சாண் கூடத் திறக்காது. கண்ணாடியை இறக்கி ஜன்னல் வழியாகத்தான் போக வர வேண்டும். தலையை உள்ளே விட்டு, கைக்கு எட்டினதைப் பிடித்து, உடம்பை இழுத்துக்கொள்வோம். அவன் கைக்கு எட்டியது அந்தத் தடி. முழு உடம்பின் பாரத்தையும் அதில் போட்டிருக்கிறான்.

தொடக் கூடாது என்று தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக ஜன்னல் வழியாக ஏறின கை அது.

தென்காசி வந்து சேர்ந்தது சனிக்கிழமை மத்தியானம். எங்கள் வீடு இருக்கிற ஊர் வழியாகத்தான் வந்தேன். அவ்வளவு நீள வண்டியை அங்கே நிறுத்த இடமில்லை. ரோட்டோரம் வீட்டுக்காரி நின்று ஜன்னல் வழியாகச் சோற்றுவாளியைக் கொடுத்தாள், நான் காலி வாளியைக் கொடுத்தேன். அவ்வளவுதான் அந்த மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது.

குற்றாலத்தில் சீசன். சாரல் விட்டுவிட்டு விழுந்தது. ரோடெல்லாம் வேன், வேன் ஜன்னலெல்லாம் ஈரத் துண்டு. எங்கள் வண்டியை ஊருக்குள் விட முடியாது. ஆய்க்குடி ரோடு வந்து சேருகிற பக்கம் ஒரு காலி இடத்தில் ஒதுக்கிவிட்டு, வெள்ளைக் காரை இறக்க நானே மேலே ஏறினேன். ஜன்னல் வழியாகத் தலையை விட்டதுமே பார்த்துவிட்டேன். தடி கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தது.

கீழே கொண்டுவந்து நிறுத்திக் கூட்டாளியைக் கூப்பிட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. "ஓசூர்ல ஏறும்போது ஒரு தடவ புடிச்சேன் அண்ணாச்சி. உடனே விட்டுட்டேன்" என்றான். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. திட்டக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

வெள்ளைக் காருக்குச் சொந்தக்கார அம்மாவும் அவருடைய அண்ணனும் ஆட்டோவில் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. கூட்டாளி ஒரு குழாயை எடுத்துவந்து தடியில் மாட்டி நிமிர்த்தினான். கெட்டிக்காரன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பெயிண்ட் கூட உதிரவில்லை. "கொடுத்துட்டுப் போயிருவோம் அண்ணாச்சி. நாகர்கோவில்ல ரெண்டு கார் இறக்கணும்" என்றான். அதே நேரம் எங்கள் லாரி ஓனரும் போனில், ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறாய் என்று கேட்டார்.

தம்பிமாரே, இந்த மாதிரி நேரத்தில் நம் மனசு என்ன சொல்லும் தெரியுமா? நிமிர்ந்துவிட்டதே, போதுமே என்று சொல்லும். வீட்டை விட்டு இத்தனை நாள் ஆயிற்றே, படுத்தால் போதும் என்று சொல்லும். அது கெட்ட மனசு இல்லை. களைத்த மனசு. களைத்த மனசு சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் தெரியும்.

நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலையும் மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டேன். அந்தக் காலி இடத்திலேயே, கையால் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. தடியைத் தள்ளினேன். கார் நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்னால் உள்ளங்கையில் டுக் என்று ஒரு தட்டல். திரும்பவும் ஓட்டித் தள்ளினேன். திரும்பவும் டுக். தடி எங்கேயோ முட்டி, வழுக்கி, அப்புறம்தான் போய் அழுத்துகிறது. மூன்றாவது தடவை அந்தத் தட்டல் வந்தபோது, அடியில் மடக்கி வைத்திருந்த வலது கால் தானாக வெளியே வந்து பிரேக்கை மிதித்துவிட்டது.

அதோடு எனக்கு முடிவாகிவிட்டது. தடி தவறினால் எனக்குக் கால் இருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தடி மட்டும்தான்.

ஆட்டோ வந்து நின்றது. அண்ணன்காரர் போலீஸில் ஏட்டையா. வாட்டசாட்டமான ஆள். தங்கச்சி இறங்குகிறவரை இரண்டு கையையும் நீட்டியும் நீட்டாமலும் நின்றார். பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னேன். ஓசூரில் ஏறும்போது தடியில் பாரம் விழுந்து வளைந்துவிட்டது, நாங்களே நிமிர்த்திவிட்டோம், ஆனால் பிரேக் பிடிக்கும்போது தட்டுகிறது, இதை ஓட்ட வேண்டாம் என்றேன்.

"யாரு புடிச்சது?"

"நாங்கதான்."

"நாங்கன்னா?"

லாரிக்குப் பின்னால் நின்ற கூட்டாளி முன்னால் வந்து, நான்தான் என்றான். ஏட்டையா அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்த அம்மா, எப்படிப் பிடித்தாய் என்று காட்டச் சொன்னார். அவன் ஜன்னல் வழியாகத் தலையைவிட்டு, இடுப்பை நெளித்து, தடியைத் தொடாமல் உள்ளே போய்க் காட்டினான். பார்த்துக்கொண்டே இருந்தவர், கதவு இருக்குல்லா என்றார். மேல்தட்டில் கதவு திறக்காது என்று அவன் சொன்னான்.

"அப்ப உங்களுக்கும் கால் உதவாத இடம் ஒண்ணு இருக்கு" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏட்டையாவுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தங்கச்சி மேல் உயிரையே வைத்திருக்கிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. "நீ எதுக்குக் கலங்குத? திங்கக்கெழம நான் கொண்டு விடுதேன். படியில தூக்கிட்டுப் போயி சீட்லயே உக்கார வச்சிருதேன். கார் மெதுவா ரெடியாகட்டும்."

அந்த அம்மா சத்தமே போடவில்லை. "என்னைத் தூக்கக் கூடாதுன்னுதான் அண்ணே கார் வாங்குனேன்" என்றார். "முத நாளே நீ தூக்கிட்டுப் போயி வச்சா, அங்கன உள்ளவங்க கடைசி நாள் வரைக்கும் தூக்கதுக்கு ஆள் தேடுவாங்க."

ஏட்டையா தொப்பியைக் கழற்றி மழைத் தண்ணீரை உதறினார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. காரைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு நம் வேலை முடிகிறது என்று நினைத்திருந்தேன். அந்தக் காருக்குத் திங்கட்கிழமை காலையில்தான் வேலை. அன்றைக்கு அது அவர் கையால் ஓடினால்தான் நான் கொண்டுவந்தது கணக்கு. ஓனருக்குப் போன் போட்டு, வண்டி திங்கட்கிழமைதான் கிளம்பும் என்றேன். என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். உங்களையும் ஒரு நாள் சொல்வார், அப்போது தெரிந்துகொள்வீர்கள்.

ஆய்க்குடியில் ஊன்றுகோலும் மூன்று சக்கர வண்டியும் செய்து கொடுக்கிற ஒரு பட்டறைக்காரரை அந்த அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அங்கே போகலாம் என்றார். காரை நான் காலால் ஓட்டுவது, அவர் பக்கத்து சீட்டில் வருவது என்று முடிவாயிற்று. அவர் ஏறும்போது சாரல் வலுத்துவிட்டது. ஊன்றுகோலைக் கதவில் சாய்த்து, காரின் மேல்விளிம்பைப் பிடித்து, உடம்பைத் திருப்பி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தார். நேரம் எடுத்தது. கூட்டாளி ஓடிப்போய் உதவப் பார்த்தான். அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். ஏட்டையாவின் கை முன்னால் போய்ப் போய்த் திரும்பியது. மூன்று ஆம்பிளைகளும் நனைந்துகொண்டு, ரோட்டில் என்னமோ இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் பார்த்து நின்றோம்.

பட்டறைக்காரர் தடியைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். நிமிர்த்திய இரும்பு, நம்பக் கூடாது, புதுசு போட வேண்டும் என்றார். கம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கிடைக்கும். சரி என்றோம். அன்றைக்கு ராத்திரி லாரி கேபினில் படுத்தோம். கூட்டாளி ஒன்றும் சாப்பிடவில்லை. வீட்டுச் சோற்றில் பாதியை அவன் மடியில் வைத்தேன். "நீ புடிச்சது தப்புலே. புடிச்சேன்னு முன்னால வந்து சொன்ன பாத்தியா, அதுக்குத் திங்கலாம்" என்றேன். அதற்கு அப்புறம் தின்றான்.

மறுநாள் பட்டறைக்காரர் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு நெற்றியில் விபூதியோடு வந்து ஆரம்பித்தார். அந்த அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, அவர் கை நீளத்துக்குத் தடியை வெட்டி, மாட்டி, கழற்றி, திரும்ப வெட்டி மாட்டினார். முடிந்தபோது சாயங்காலம். ஓட்டிப் பார்க்க வேண்டும். "அண்ணாச்சி, நீங்க ஏறுங்க. அந்தத் தட்டல் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் அந்த அம்மா.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். தென்காசி ரோட்டில் மெதுவாகப் போனோம். ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத் தள்ளுவார், நிற்கும். சத்தம் வருதா என்பார். காதைக் கொடுத்துக் கேட்பேன். இல்லை என்பேன். திரும்ப ஓட்டுவார். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களின் வேன் ஒன்று, ஓரமாக நின்றிருந்தது, பின்னால் பார்க்காமல் சடாரென்று ரிவர்ஸில் ரோட்டுக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை முன்னால் போயிற்று. கார் நின்றது. தட்டல் இல்லை. வேனின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படம் எங்கள் முகத்துக்கு நேரே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் தலையில் ஈரம் சொட்ட எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க காலு என்ன செய்யுது?"

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையிலிருந்த ரப்பர் மிதியடியைப் பலங்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவர் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் நாகர்கோவிலுக்குக் கிளம்ப வேண்டும். பெல்ட்டெல்லாம் சரிபார்த்து முடித்த பிறகும், அதைப் பார்க்கிறேன் இதைப் பார்க்கிறேன் என்று நான் லாரியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். கூட்டாளிக்கும் அது தெரியும். அவனும் டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சாரல் நின்று வெயில் வந்திருந்தது.

ஆய்க்குடிப் பக்கமிருந்து வெள்ளைக் கார் வந்தது. பின்னால் கொஞ்ச தூரம் விட்டு, மோட்டார் சைக்கிளில் ஏட்டையா. தங்கச்சிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார். எனக்குக் கூச்சம்தான், இருந்தாலும் கையைத் தூக்கினேன். கூட்டாளி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். கார் எங்களைத் தாண்டிப் போயிற்று. அந்த அம்மா நேராக ரோட்டைப் பார்த்தபடி போனார். முனையில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, கார் நின்றது, ஆட்டோ போனதும் விளக்கு அணைந்தது. கார் திரும்பி ஊருக்குள் போய்விட்டது.

கூட்டாளிக்கு முகம் வாடிவிட்டது. "ஒரு கை காட்டினா என்ன அண்ணாச்சி? இவ்வளவு செஞ்சிருக்கோம்."

"எந்தக் கையலே காட்டுவாங்க? ரெண்டு கையும் வேலையில இருக்கு" என்றேன்.

அவன் அந்த முனையைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் கேபின் கதவைத் திறந்து, கைப்பிடி எது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அதைப் பிடித்து ஏறினான்.

எழுதி முடித்தது,
புரட்டாசி மாதம் பத்தாம் தேதி, சாயங்காலம்.